ஒன்றாம் எண் டோக்கன்

எனக்கு வாய் நீளம். வேலை சுத்தமாக இருப்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அந்த மருத்துவமனையில் கணினி, பிரிண்டர், அவற்றை இணைக்கும் கேபிள் எல்லாம் பதினாறு வருடமாக என் பொறுப்பு. வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் நான் ஒயரக்காதான். என் சொந்தப் பெயரைச் சம்பள நாளன்று மட்டும் பார்ப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மருந்தகத்திலிருந்து போன் வந்தது.

"அக்கா, லேபிள் வரல. ரெண்டு ஜன்னல்லயும் வரல. ஒரு மணி நேரமா கையால எழுதிக்கிட்டு இருக்கோம். கூட்டம் கண்ணாடிய உடைச்சிடும் போல இருக்கு."

பேசியவள் குழந்தைகள் ஜன்னலில் உட்காரும் இளம் மருந்தாளுநர். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. யாராவது பலமாகத் தும்மினால்கூடத் துள்ளி எழுவாள் என்பதால் அவளுக்கு முயல் என்று பெயர். பெயர் வைத்தது நான்தான்.

மருந்தகத்தில் இரண்டு ஜன்னல்கள் அடுத்தடுத்து இருக்கும். இடது ஜன்னல் குழந்தைகளுக்கு, வலது ஜன்னல் பெரியவர்களுக்கு. ஆளுக்கொரு சின்ன லேபிள் பிரிண்டர். அதிலிருந்து வரும் இரண்டு விரல் அகல ஸ்டிக்கரில் டோக்கன் எண், எவ்வளவு, எத்தனை வேளை, அவ்வளவுதான் இருக்கும். மருந்தின் பெயர் புட்டியிலேயே இருக்கிறது, நோயாளியின் பெயருக்கு இடமில்லை என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். இரண்டு பிரிண்டருக்கும் பொதுவாக மேசைக்கு அடியில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. அதுதான் பிரிண்ட் சர்வர். கணினியில் அழுத்தும் ஆணை நெட்வொர்க் வழியாக இந்தப் பெட்டிக்கு வரும். பெட்டி அதை உரிய பிரிண்டரிடம் சேர்க்கும்.

நான் போனபோது வலது ஜன்னலில் தலைமை மருந்தாளுநர் நின்றுகொண்டிருந்தார். நிமிடத்துக்கு ஒரு தடவை சுவரைப் பார்ப்பவர் என்பதால் அவர் கடிகாரம்.

"என்னம்மா, எவ்வளவு நேரம் ஆகும்?"

"இன்னும் உள்ளயே வரல சார்."

கணினியில் அச்சு வரிசையைத் திறந்தேன். நூற்று நாற்பது ஆணைகள் காத்துக் கிடந்தன. லேபிள் வரவில்லை என்றதும் இரண்டு பேரும் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார்கள். கதவு திறக்கவில்லை என்றால் நின்று யோசிக்காமல் அழைப்பு மணியை அடித்துக்கொண்டே இருப்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அத்தனையையும் அழித்தேன்.

பிறகு பெட்டி நெட்வொர்க்கில் உயிரோடு இருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வந்தது. பதில் வந்தால் லேபிள் ஏன் வரவில்லை? சந்தேகப்பட்டு, பெட்டியிலிருந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி கூப்பிட்டேன். அப்போதும் பதில் வந்தது. கேபிளே இல்லாத பெட்டி எப்படிப் பதில் சொல்லும்? அதன் முகவரி எண்ணில் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். தேடிப் பிடித்துவிட்டேன். காத்திருப்புக் கூடத்தில் டோக்கன் எண்ணைக் காட்டுவதற்காகச் சனிக்கிழமை ஒரு பெரிய டி.வி. மாட்டியிருந்தார்கள். மாட்டிய புண்ணியவான் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இந்தப் பெட்டியின் எண்ணையே அதற்கும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்?

கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குத் தலை கால் புரியவில்லை. பெட்டியின் பழைய அமைப்பை முழுவதும் அழித்துப் புது எண் கொடுத்தேன். கணினியில் இரண்டு வரிசைகளைப் புதிதாக உருவாக்கினேன். 'குழந்தைகள்' பெட்டியின் முதல் துளைக்கு, 'பெரியவர்' இரண்டாம் துளைக்கு. அதற்காகக் கழற்றிய கேபிள்களைத் திரும்ப மாட்ட மேசைக்கடியில் மல்லாக்கப் படுத்து நுழைந்தேன். இடம் போதாமல் பெட்டியை யாரோ தலைகீழாகத் திருகி வைத்திருந்தார்கள். முகத்தில் ஒட்டடை விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஆச்சாம்மா?" என்றார் கடிகாரம்.

"பிரசவ அறை வாசல்ல நின்னும் இப்படித்தான் ஆச்சா ஆச்சான்னு கேப்பீங்களா சார்?"

முயல் சிரித்துவிட்டாள். எனக்கும் பெருமையாக இருந்தது. இரண்டு கேபிளையும் மாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

எப்போதும் ஒரு வரிசைக்குச் சோதனை லேபிள் அனுப்பி, வந்ததைப் படித்துவிட்டு, பிறகுதான் அடுத்ததற்கு அனுப்புவேன். அன்றைக்கு இரண்டையும் ஒன்றாக அழுத்தினேன். இரண்டு பிரிண்டரும் முனகின. இரண்டிலும் ஒவ்வொரு லேபிள் வந்தது. கிழித்தேன். பின்பக்கத் தாளில் பேனாவால் 'இடது' என்று ஒன்றிலும் 'வலது' என்று ஒன்றிலும் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். என் நோட்டில் சேர்த்து வைப்பதற்காக. முன்பக்கத்தைப் படிக்கவில்லை. இரண்டும் வந்துவிட்டன, வேறென்ன வேண்டும்?

கையால் எழுதியதில் டோக்கன் எண்களெல்லாம் குழம்பிக் கிடந்தன. "ரெண்டு ஜன்னல்லயும் ஒண்ணுல இருந்து ஆரம்பிங்க" என்றார் கடிகாரம்.

இடது ஜன்னலில் ஒன்றாம் எண் டோக்கன் ஓர் இளம் பெண்ணுக்குக் கிடைத்தது. தோளில் மஞ்சள் துண்டு சுற்றிய குழந்தை. ஆறேழு மாதம் இருக்கும். காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தது. காய்ச்சல் சொட்டு மருந்தை முயல் எடுத்தாள். பிரிண்டரில் லேபிள் வந்தது. எண் ஒன்றா என்று பார்த்தாள். ஒன்றுதான். ஒட்டினாள்.

"பத்து மில்லி, மூணு வேளை" என்று படித்துக் கொடுத்தாள்.

அந்தப் பெண் நகரவில்லை. "பத்தா? இந்த டிராப்பர்ல ஒரு தடவைக்கு ஒரு மில்லிதானே பிடிக்குது? போன மாசம் காய்ச்சலுக்கு ஒண்ணுன்னு சொன்னாங்களே."

முயல் லேபிளை மறுபடி பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் முதல் லேபிளின் அழகைப் பார்க்க அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

"பத்துன்னா பாட்டில் நாளைக்கே தீந்துடுமே. பத்தேதானா?" என்றாள் அந்தப் பெண் மறுபடியும்.

நான் ஜன்னலுக்குக் குனிந்தேன். "எத்தனை தடவைம்மா கேப்பீங்க? டாக்டர் போட்டது அப்படியே மெஷின்ல வருது. மெஷினுக்குக் கை நடுங்காது. நானே இப்பதான் சரி பண்ணினேன். பின்னாடி வரிசை நிக்குது பாருங்க."

அவள் முகம் சுருங்கிவிட்டது. புட்டியை மடியில் செருகிக்கொண்டு, குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் மாடிக்கு, என் அறைக்குப் போனேன். தேநீர் குடித்தேன். டி.வி. மாட்டியவனுக்குப் போன் போட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டேன். அதன் பிறகுதான் நோட்டை எடுத்து, இரண்டு சோதனை லேபிளையும் பக்கத்தில் வைத்து ஸ்டேப்ளரை அழுத்தப் போனேன்.

'இடது' என்று நான் எழுதியதைத் திருப்பினேன். முன்பக்கத்தில் 'வரிசை: பெரியவர்' என்று அச்சாகியிருந்தது.

'வலது' என்று எழுதியதைத் திருப்பினேன். 'வரிசை: குழந்தைகள்'.

தலைகீழாக இருந்த பெட்டியில், மல்லாக்கப் படுத்து, முதல் துளை என்று நினைத்து இரண்டாம் துளையில் மாட்டியிருக்கிறேன். பெரியவர் ஜன்னலின் லேபிள் குழந்தைகள் ஜன்னலில் வந்திருக்கிறது. இரண்டு ஜன்னலிலும் ஒன்றாம் எண்ணுக்கு ஒரே நேரத்தில் அழுத்தியிருக்கிறார்கள். அதனால்தான் முயலுக்குச் சந்தேகம் வரவில்லை. யாரோ ஒரு பெரியவரின் இருமல் மருந்துக்குப் பத்து மில்லி. அது அந்தக் குழந்தையின் புட்டியில் ஒட்டியிருக்கிறது. ஒன்றுக்குப் பத்து.

படிக்கட்டில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

கீழே முயலின் நாற்காலி காலியாக இருந்தது. இரண்டாம் டோக்கனுக்குச் சிரப் எடுத்து வைத்தால் லேபிளில் 'இரண்டு மாத்திரை' என்று வந்ததாம். டாக்டர்தான் தப்பாகப் போட்டுவிட்டார் என்று கேட்கப் போயிருக்கிறாள். கடிகாரமும் தன் பக்கம் மாத்திரை டப்பாவுக்கு 'ஐந்து மி.லி.' வந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, கையால் எழுதிக்கொண்டிருந்தார். ஆக, தப்பான லேபிளோடு வெளியே போனது முதல் டோக்கன்கள் மட்டும்தான். ஜன்னலுக்கு ஒன்று.

மேசைக்கடியில் கை விட்டால் போதும். இரண்டு கேபிளையும் இடம் மாற்றிவிடலாம். அரை நிமிட வேலை. யாருக்கும் எப்போதும் தெரியாது. அந்த நினைப்பு எனக்கு வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அதற்குள் முயல் டாக்டரின் தாளோடு ஓடி வந்தாள். "சார், டாக்டர் சரியாத்தான் போட்டிருக்கார். லேபிள்தான் மாறி வருது."

கடிகாரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்போ முதல் குழந்தைக்கு? நீ படிச்சுப் பாக்காமலா ஒட்டினே? கண்ணு எங்கம்மா போச்சு உனக்கு?"

முயல் அந்தத் தாளோடு சுவர் வரை பின்வாங்கினாள். அதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவ இல்ல சார். கேபிள மாத்தி மாட்டினது நான். அந்தம்மா ரெண்டு தடவ கேட்டாங்க. மிரட்டி அனுப்பினதும் நான்தான். முதல்ல அவங்க நம்பர எடுங்க."

பதிவில் இருந்த எண்ணுக்குப் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மறுபடி போட்டோம். குழந்தைகள் டாக்டரிடம் சொல்ல முயல் ஓடினாள். முகவரி பதிவில் இருந்தது. டயர் கடைக்குப் பின்னால் மூன்றாவது வீடு. அந்தப் பெண் போய் இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. "நீங்க போட்டுக்கிட்டே இருங்க சார்" என்று சொல்லிவிட்டு என் ஸ்கூட்டரை எடுத்தேன்.

அந்த வழியை நான் தினமும் ஓட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு சிக்னலும் என்னைப் பார்த்துத்தான் சிவப்பானது. ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தேன். டிராப்பரில் ஒரு தடவை எடுத்துக் குழந்தை வாயில் விட எவ்வளவு நேரம் ஆகும் என்று மனம் கணக்குப் போட்டது. பத்து தடவைக்கு எவ்வளவு நேரம்? நிறுத்து என்றால் நிறுத்தவில்லை. சாமி பெயரெல்லாம் எனக்கு லேசில் வாயில் வராது. அன்றைக்குத் தெரிந்த எல்லாப் பெயரும் வந்தது.

டயர் கடையின் பக்கச் சந்தில் ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினேன். மூன்றாவது வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரே அறை. சுவரோரம் சார்ஜில் கிடந்த போன் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில். அவள் கையில் நிரம்பிய டிராப்பர்.

"குடுக்காதீங்க!"

நான் போட்ட கத்தலில் குழந்தை வீறிட்டது. அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் புரியாது.

"எத்தனை குடுத்தீங்க? எத்தனை?"

"ஏழு" என்றாள். குற்றம் செய்தவள் மாதிரி என்னைப் பார்த்தாள். "மூணு பாக்கி இருக்கு அக்கா. துப்பித் துப்பி விடறான். விரட்டாம மெதுவா குடுக்கறேன். முழுசா குடுத்துடறேன் அக்கா."

நான் சரியாகக் கொடுக்கிறாளா என்று பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். "தப்பும்மா. ஒண்ணுதான். கிளம்புங்க. புட்டிய எடுத்துக்குங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் செருப்புக்கூடப் போடாமல் ஸ்கூட்டரில் ஏறினாள். குழந்தையின் காய்ச்சல் எங்கள் இருவருக்கும் நடுவில் என் முதுகில் சுட்டது. குழந்தை முனகும்போதெல்லாம் எனக்கு உயிர் வந்தது. அது சும்மா இருந்தால் என் உயிர் போனது.

வாசலிலேயே முயல் நின்றிருந்தாள். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். அவர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கி அளவு பார்த்தார், குழந்தையை எடை போடச் சொன்னார், காகிதத்தில் கணக்குப் போட்டார்.

"ஏழுல எவ்வளவு துப்பினான்னு தெரியாது. அளவு மீறினா இந்த மருந்து ஈரலைத் தாக்கும், ஆனா உடனே காட்டாது. பார்க்க நல்லாத்தான் இருப்பான். நாலு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாத்தான் தெரியும். மாற்று மருந்த இப்பவே ஆரம்பிச்சிடறேன்."

நாலு மணி நேரம். அந்தப் பெண் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் குட்டிக் கையில் ஊசி குத்தி, அசையாமல் இருக்க அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். நான் அவளுக்கு எதிரில் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, தலைகீழ், கேபிள், படிக்காமல் பையில் போட்ட லேபிள். கத்தட்டும், அடிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அவள் கத்தவில்லை.

"நான் கேட்டேனே அக்கா" என்றாள். "பத்தான்னு ரெண்டு தடவ கேட்டேனே. வீட்ல வந்தும் மனசு கேக்கல. முதல்ல ஒண்ணு குடுத்துட்டு நிறுத்திட்டேன். அப்புறம், அவ்வளவு தெரிஞ்சவங்க சொல்றாங்க, நமக்கு என்ன தெரியும்னு நினைச்சுத்தான் மீதியக் குடுத்தேன்."

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வலது ஜன்னலின் முதல் டோக்கன்காரர் மதியம் வந்து சண்டை போட்டார். எழுபது வயது, நல்ல ஆகிருதி. "என் இருமலுக்கு ஒரு மில்லியா? நான் என்ன சிட்டுக்குருவியா?" என்று கேட்டாராம். கடிகாரம் அவரைக் கும்பிட்டு உட்கார வைத்து விவரம் சொன்னாராம். கேட்டதும் சண்டையை விட்டுவிட்டு அந்தக் குழந்தை எங்கே என்று விசாரித்தாராம். முயல் வந்து சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேபிளை நான் அதுவரை மாற்றவில்லை. பெட்டியை அப்படியே படம் பிடித்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, படத்தோடு மேலாளரிடம் கொடுத்த பிறகுதான் மேசைக்கடியில் போனேன். இந்தத் தடவை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒவ்வொரு லேபிளையும் முயலிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

மூன்று மணிக்கு இரத்தம் எடுத்தார்கள். நாலரைக்கு டாக்டர் வார்டுக்குள் வந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல் அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தேன்.

"ஆபத்து எல்லைக்குக் கீழதான் இருக்கு" என்றார். "முழுப் பத்தும் போய், மறுபடி ராத்திரி ஒரு பத்தும் போயிருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன். ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டு அனுப்பறேன்."

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் குழந்தையின் பாதத்தை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

புதன்கிழமை அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மேலாளர் என்னை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்திருந்தார். நியாயம்தான். அன்று நான் வந்தது அவளைப் பார்க்கத்தான். இடது ஜன்னலில் அதே சொட்டு மருந்து, புதுப் புட்டி. லேபிளில் இப்போது நோயாளியின் பெயரும் மருந்தின் பெயரும் இருந்தன. எழுத்து பொடிப்பொடியாக இருந்தது, ஆனால் இருந்தது. அவ்வளவு வருடம் இடமில்லாத ஸ்டிக்கரில் இரண்டே நாளில் இடம் வந்துவிட்டது.

"ஒரு மில்லி, மூணு வேளை" என்று முயல் நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

அந்தப் பெண் புட்டியை வாங்கினாள். லேபிளைப் பார்த்தாள். நகரவில்லை. பக்கத்தில் நின்றிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணா அக்கா?"

ஒன்றுதான். எனக்குத் தெரியும். ஆனால் என் வாய்ச் சொல் மட்டும் போதாது. ஜன்னலுக்குள் கையை நீட்டி டாக்டரின் தாளை வாங்கினேன். அவளுடைய விரலைப் பிடித்து அந்த எண்ணின் மேல் வைத்துக் காட்டினேன். பக்கத்தில் லேபிளை வைத்தேன். இரண்டிலும் ஒன்று.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் "சீக்கிரம்மா" என்று முணுமுணுத்தார். அவள் பயந்து, அன்றைக்குப் போலவே புட்டியை மடியில் செருகிக்கொண்டு நகரப் பார்த்தாள். பிறகு தயங்கி நின்றாள்.

"இன்னொரு தடவ கேக்கலாமா அக்கா?"

"கேளுங்கம்மா" என்றேன். "வரிசை நிக்கட்டும். நீங்க கேளுங்க."